டிஆர்-808 டிரம் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு கணினியும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு இசை அமைக்கப் பழகும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி 808 பற்றியவை. ஒருவர், "அண்ணா, 808 என்பது ஒரு பேஸ் கிட்டாரின் பெயர்தானே?" என்று கேட்டார். சிரிக்க முடியவில்லை. அவர் பழகும் மென்பொருளில் அந்தப் பெயர் அப்படித்தான் புழங்குகிறது. அது ஒரு டிரம் மெஷினாக, அதாவது டிரம் ஒலிகளைத் தாளமாக ஓட்டும் மின்னணுப் பெட்டியாகப் பிறந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சொன்ன பதிலும், அதன் பின் வந்த கேள்விகளும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம்.

808 என்றால் என்னதான்?

மூன்று பொருள்கள் உண்டு; குழப்பத்துக்கு அதுவே காரணம்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 என்ற டிரம் மெஷின் முதல் பொருள். முகப்பில் 'ரிதம் கம்போசர்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த இயந்திரத்தின் பேஸ் டிரம் எழுப்பும் நீண்ட, ஆழ்ந்த 'தூம்' என்ற ஒலி இரண்டாவது பொருள். ராப் பாடகர்கள் "808-ஐ ஏற்று" என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது இந்த ஒலி. மூன்றாவது பொருள் அண்மைக் காலத்தது: சுருதி சேர்த்து, பேஸ் கிட்டாரின் இடத்தில் வாசிக்கப்படும் எந்தத் தாழ்ந்த நீண்ட ஒலியும் இன்று 808தான். அந்த ஒலி அசல் இயந்திரத்தின் பக்கமே போயிருக்காது.

டிரம்மாகப் பிறந்த ஒன்று எப்படி பேஸ் ஆனது என்பதைத்தான் கீழே பல கேள்விகளில் சுற்றிச் சுற்றிச் சொல்லியிருக்கிறேன்.

இதை உருவாக்கியவர் யார்?

நிறுவனத்தைத் தொடங்கியவர் இக்குதாரோ காக்கேஹாஷி. 1930-இல் ஒசாகாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். போருக்குப் பின், இன்னும் பதின்பருவம் தாண்டாத நிலையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்தார்; பிறகு ரேடியோ பழுது. காசநோய் வந்து சில ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தார். அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் அவரைக் காப்பாற்றியது. முறையாக இசை பயின்றவர் அல்லர். ஆனாலும், இசை தெரியாதவர் கையிலும் இசை வர வேண்டும் என்பதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஏஸ் டோன் என்ற பெயரில் ஆர்கன்களும், 1960களின் பிற்பகுதியில் ரிதம் ஏஸ் என்ற தாளப் பெட்டியும் செய்தார். 1972-இல் ரோலண்டைத் தொடங்கினார். 808-இன் தலைமைப் பொறியாளர் மகோட்டோ முரோயி. ஒலிச்சுற்றுகளை வடிவமைத்தவர் நாகமுரா என்ற பொறியாளர். பெரிய முதலாளியின் பெயர் நிலைப்பதும், சுற்றுகளை வரைந்தவரின் பெயர் மங்குவதும் எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான்.

காக்கேஹாஷிக்கு இன்னொரு சாதனையும் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்த மிடி முறைக்காக, அமெரிக்கரான டேவ் ஸ்மித்துடன் சேர்ந்து 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி பெற்றார். 2017-இல் மறைந்தார்.

அதற்கு முன் டிரம் மெஷினே இல்லையா?

இருந்தது. 1959-இலேயே அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் சைட் மேன் என்ற ஒன்றை விற்றது. ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கவாத்தியமாக அவை பயன்பட்டன. வால்ட்ஸ், ரும்பா, பாசா நோவா என்று பெயரிட்ட பொத்தான்கள் இருக்கும். அமுக்கினால் அந்தத் தாளம் ஓடும். அந்தத் தாளத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

ரோலண்டின் சிஆர்-78 (1978) அந்த உரிமையை ஓரளவு கொடுத்தது. 808 முழுமையாகக் கொடுத்தது.

அதை எப்படி இயக்குவது?

கீழ் விளிம்பில் வரிசையாக 16 பொத்தான்கள். நான்கு சிவப்பு, நான்கு ஆரஞ்சு, நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை. தாளம் தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: நான்கு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, அதாவது சதுஸ்ர நடை. எந்த வாத்தியம் என்பதை ஒரு குமிழைத் திருப்பித் தேர்ந்தெடுத்து, அது எந்த மாத்திரையில் விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். விளக்கு எரியும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிகளைச் சேர்க்கலாம், அணைக்கலாம். நடையைத் திஸ்ரமாக மாற்றவும் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள்.

தாளத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். கையில் குச்சி பிடித்தறியாத ஒருவர், விளக்குகளுக்கு இடையே உள்ள வெற்றிடங்களைப் பார்த்தே ஒரு தாளத்தைக் கட்டிவிடலாம். இன்று எல்லா இசை மென்பொருள்களிலும் இருக்கும் 16 கட்ட வரிசையை இளைஞர்கள் இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பரவலாக்கியதில் இந்த இயந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

மொத்தம் 32 தாளக் கட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் நினைவு அழியாமலிருக்க மூன்று பென்சில் பேட்டரிகள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி வெளியீட்டுத் துளை இருந்தது. ஸ்டூடியோவில் பேஸ் டிரம்மை மட்டும் தனியே பிரித்து எடுத்து விருப்பப்படி வீங்கவைக்க முடிந்தது இதனால்தான்.

உண்மையான டிரம் போல ஏன் ஒலிக்கவில்லை?

அதே 1980-இல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் எல்எம்-1 என்ற டிரம் மெஷினை வெளியிட்டார். அதில் உண்மையான டிரம்களைப் பதிவு செய்து சிப்புகளில் ஏற்றியிருந்தார். பொத்தானை அமுக்கினால் நிஜ டிரம் ஒலித்தது. விலை 4,995 டாலர். 808-இன் விலை 1,195 டாலர். அந்தக் காலத்தில் நினைவகச் சிப்புகள் தங்கம் மாதிரி. பதிவு செய்த ஒலியை மலிவு விலைப் பெட்டியில் வைப்பது நடக்காத காரியம். எனவே ரோலண்டின் பொறியாளர்கள் ஒவ்வொரு வாத்தியத்தையும் மின்சுற்றால் உருவாக்கினார்கள்.

விளைவு என்னவென்று அன்றைய டிரம்மர்களிடம் கேட்டால் முகம் சுளித்திருப்பார்கள். 'சடக்' என்று ஒலிக்க வேண்டிய ஸ்னேர் டிரம் காகிதம் கிழிவதுபோல இருந்தது. சிம்பல் நீராவி போல 'உஸ்ஸ்' என்றது. கௌபெல், அதாவது மாட்டு மணி, எந்த மாட்டின் கழுத்திலும் தொங்கியிராத ஒன்று.

சுற்றுக்குள் ஒலி எப்படிப் பிறக்கிறது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானே சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

கோயில் மணியை ஒருமுறை அடித்து விட்டுவிடுங்கள். அது தன் சுருதியில் ஒலித்து மெல்ல அடங்கும். 808-இன் பேஸ் டிரம் சுற்றும் அப்படிப்பட்ட ஒரு மணிதான். மின்தடைகளும் மின்தேக்கிகளும் கொண்டு அமைத்த ஒரு சுற்று, அதன் மீது ஒரு சின்ன மின்துடிப்பு விழுகிறது. சுற்று விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிர்ந்து மெல்ல அடங்குகிறது. தொடக்கத்தில் சில மில்லி நொடிகள் மட்டும் சுருதி மேலே இருந்து சட்டென்று கீழே விழும். அதுதான் 'தூம்' என்பதில் உள்ள 'தூ'வின் முட்டல். பிறகு வருவது கிட்டத்தட்டத் தூய்மையான ஓர் அலை. ரம்பப் பல்லும் இல்லை, முள்ளும் இல்லை.

இந்த ஒலிக்கென்று முகப்பில் மூன்று குமிழ்கள். ஒன்று ஒலியளவு. ஒன்று டோன். மூன்றாவது டிகே, அதாவது அடங்கும் நேரம். குறைத்து வைத்தால் மேசையைத் தட்டியது போல் ஒரு சின்ன முட்டல். முழுக்கத் திருப்பினால் அடி விழுந்து முடிந்த பிறகும் ஒலி தரையோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். தோல் போர்த்திய எந்த டிரம்மும் அவ்வளவு நேரம் அப்படி ஒலிக்காது. இந்த இயந்திரத்தின் வரலாற்றை ஒரே ஒரு உறுப்பை வைத்துச் சொல் என்றால் நான் இந்த டிகே குமிழைத்தான் காட்டுவேன்.

மற்றவை வேகமாக: ஸ்னேர் என்பது இப்படிப்பட்ட இரண்டு மணிகளும் கொஞ்சம் இரைச்சலும். கைத்தட்டல் என்பது இரைச்சலை அடுத்தடுத்துச் சில துண்டுகளாக வெட்டி, கடைசியில் ஒரு சின்ன எதிரொலி வால் சேர்த்தது. பல பேர் சேர்ந்து தட்டும்போது கைகள் ஒரே நொடியில் விழுவதில்லை அல்லவா, அந்தப் பிசிறைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். கௌபெல் என்பது ஏறத்தாழ 540 ஹெர்ட்ஸிலும் 800 ஹெர்ட்ஸிலும் (ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு இத்தனை அதிர்வு) ஒலிக்கும் இரண்டு சதுர அலைகள். ஹை-ஹாட்டும் (மிதித்து மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) சிம்பலும் ஒன்றுக்கொன்று சுருதி சேராத ஆறு சதுர அலைகளைக் கலந்து, கீழ்ப்பகுதியை வடித்தெடுத்தவை. உலோகத்தின் இயல்பே சுருதி சேராமைதான். அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பழுதான டிரான்சிஸ்டர்களைப் போட்டுச் செய்தார்கள் என்பது உண்மையா?

காக்கேஹாஷியே ஓர் ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார். தரச் சோதனையில் தேறாத, இரைச்சல் எழுப்பும் டிரான்சிஸ்டர்களை அவர்கள் வேண்டுமென்றே வாங்கினார்கள். ரேடியோ செய்பவனுக்கு அந்த 'சுர்ர்' தொல்லை. இவர்களுக்கு அதுதான் சரக்கு. சிப்புத் தொழில் முன்னேற முன்னேற, தேறாத டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதே ஒலியை மீண்டும் தர வழியில்லாமல் 1983-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். தொழில்நுட்பம் மேம்பட்டதால் ஒரு பொருள் செத்தது என்பது விசித்திரம்தான். ஆனால் எல்லாப் பழியையும் டிரான்சிஸ்டர் மீது போட நான் தயங்குவேன். அதே ஆண்டில் ரோலண்டே மிடி வசதியுள்ள டிஆர்-909-ஐ வெளியிட்டது. மிடி இல்லாத 808-க்கு எப்படியும் வயதாகிவிட்டிருந்தது.

808 ஒரு வணிகத் தோல்வி என்கிறார்களே?

எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், கதைக்குச் சுவை கூடும் என்பதால். எண்ணிக்கையைப் பாருங்கள்: மூன்றாண்டுகளில் சுமார் 12,000 இயந்திரங்கள் விற்றன. எல்லோரும் வெற்றி என்று கொண்டாடும் எல்எம்-1 விற்றது சுமார் 500. வேறுபாடு, யார் வாங்கினார்கள் என்பதில். பெரிய ஸ்டூடியோக்களும் நட்சத்திரங்களும் எல்எம்-1 பக்கம் போனார்கள். 808-ஐ வாங்கியவர்கள் சிறுகச் சிறுக வாங்கி, பயன் இல்லை என்று விற்றார்கள். 1980களின் நடுவில் அது பழைய பொருள் கடைகளில் சில நூறு டாலருக்கும், அதற்கும் குறைவாகவும் கிடைத்தது. நியூயார்க், டெட்ராய்ட், மயாமி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் கையில் காசில்லாத கறுப்பின இளைஞர்களிடமும், இரவு விடுதிகளில் இசைத்தட்டு சுழற்றியவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு, இது நிஜ டிரம் போல இருக்கிறதா என்பது ஒரு கேள்வியே அல்ல. பெரிய ஸ்பீக்கரில் போட்டால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் பயன்படுத்தியவர்கள் யார்?

ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா. இயந்திரம் வெளிவந்த 1980-லேயே மேடையில் பயன்படுத்தினார்கள். 1981-இல் வந்த 'பிஜிஎம்' தொகுப்பில் அதைக் கேட்கலாம். மூவர் கொண்ட அந்தக் குழுவில் யுக்கிஹிரோ தக்காஹாஷி தேர்ந்த டிரம்மர் என்பது கவனிக்கத்தக்கது. டிரம்மருக்குப் பதிலாக இயந்திரம் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்திருக்காது.

அமெரிக்க வானொலியில் இந்த ஒலியைப் பெருவாரியான மக்கள் கேட்டது 1982-இல், மார்வின் கேயின் 'செக்சுவல் ஹீலிங்' பாட்டில். கடனும் போதையும் துரத்த, அவர் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில் ஒதுங்கியிருந்த காலம். பெரிய இசைக்குழுக்களோடு பாடிய மனிதர், ஒரு பெட்டியின் மென்மையான தட்டல்களுக்கு மேல் ஏறத்தாழ முணுமுணுக்கிறார். அந்தப் பாட்டில் 808 உறுமவே இல்லை. கைத்தட்டலும் கௌபெல்லும் பக்கத்து அறையில் யாரோ தாளம் போடுவதுபோல ஒலிக்கும். 808 என்றாலே அதிர்வு என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதைக் கேட்க வேண்டும்.

'பிளானட் ராக்' பாட்டை ஏன் எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்கள்?

அதே 1982, நியூயார்க். ஆப்பிரிக்கா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸும் பாடியது. தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டு ஒன்றையும் தாளம் ஒன்றையும் சேர்த்துப் புதிதாக வாசிக்க வேண்டும் என்பது திட்டம். கிராஃப்ட்வெர்க்கின் தாளத்தை வாசிக்க ஓர் இயந்திரம் வேண்டும், இவர்களிடம் இல்லை. உள்ளூர் வாரப் பத்திரிகையில், டிரம் மெஷின் வைத்திருக்கிறேன், வந்து வாசிப்பேன் என்று ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். கூலி 20 டாலர். அவர் கொண்டுவந்த பெட்டிதான் 808.

அதுவரை ராப் பாட்டு என்றால் பழைய இசைத்தட்டின் தாளத்தின் மேலோ, ஸ்டூடியோ வாத்தியக்காரர்களின் மேலோ பாடுவதுதான். இந்தப் பாட்டுக்குப் பிறகு, குழு எதற்கு, பெட்டி போதுமே என்ற எண்ணம் பரவியது. லாஸ் ஏஞ்சலிஸில் ஈஜிப்ஷியன் லவ்வர் என்று பெயர் வைத்துக்கொண்ட இளைஞர் ஒரு 808 வாங்கி, மேடையிலேயே தட்டி ஓட்டினார். டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸ் சைபோட்ரான் குழுவுக்காக அதைப் பயன்படுத்தினார். அவர் வழியில் வந்ததுதான் டெக்னோ என்ற மின்னணு ஆட்ட இசை. ஒரே பெட்டி, ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர் நடையில் பேசத் தொடங்கியது.

எனக்கு வியப்பு அந்த 20 டாலர்தான். விளம்பரம் கொடுத்தவர் வேறு ஏதாவது மெஷின் வைத்திருந்தால்?

டிரம் எப்படி பேஸ் ஆனது?

படிப்படியாக. முதலில் சொன்ன டிகே குமிழை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் ரிக் ரூபின், பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்து இசைத்தட்டு வெளியிட்டுக்கொண்டிருந்த மாணவர். 1984-இல் டி லா ராக்கும் ஜாஸி ஜேயும் சேர்ந்து செய்த 'இட்ஸ் யுவர்ஸ்' பாட்டை அவர் தயாரித்தார். அதில் வேறு வாத்தியம் ஏறத்தாழ இல்லை; பேஸ் டிரம்மின் நீண்ட வால், பேஸ் கிட்டார் இருக்க வேண்டிய பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. குமிழைத் திருப்பினால் ஒரு வாத்தியக்காரரின் சம்பளம் மிச்சம்.

அடுத்து மயாமி. அங்கே தெருவிலும் பூங்காவிலும் ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கிப் போட்டியிடும் வழக்கம் இருந்தது. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சவுண்ட் சிஸ்டம் மரபும் அதில் கலந்திருந்தது. 1980களின் நடுவில் மயாமி பேஸ் என்ற இசைவகையே பிறந்தது. கார் டிக்கியில் சப்வூஃபர் பொருத்தி, நம்பர் பிளேட் கடகடக்கச் சுற்றினார்கள். 50 ஹெர்ட்ஸ் என்பது காதால் கேட்பதைவிட வயிற்றால் கேட்பது. 808 அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது.

ஆனால் அசல் இயந்திரத்தில் ஒரு குறை: பேஸ் டிரம்மின் சுருதியை மாற்றக் குமிழ் கிடையாது. ஒரே சுரம்தான். அந்தக் கட்டை உடைத்தது, பதிவு செய்த ஒலியை வாத்தியம்போல வாசிக்கவைக்கும் சாம்ப்ளர் என்ற கருவி. 808-இன் ஒரு அடியைப் பதிவு செய்து, சாம்ப்ளரில் ஏற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருதி மாறும். விசைப்பலகையில் பரப்பினால் மெட்டே வாசிக்கலாம். இதற்குப் பயன்பட்ட கருவிகளில் ஒன்று, அக்காய் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட எம்பிசி60. அதை வடிவமைத்தவர் ரோஜர் லின். ஆம், 808-ஐச் சந்தையில் ஓரங்கட்டிய எல்எம்-1-இன் அதே ரோஜர் லின்!

பிறகு அமெரிக்கத் தெற்கு. மெம்பிஸ், அட்லாண்டா. 2000களில் அட்லாண்டாவில் டிராப் இசை உருவானபோது, 808 அடி பேஸ் வரியாகவே ஆகிவிட்டது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அதன் மேல் ஹை-ஹாட் திடீரென்று இரட்டை வேகத்திலும் திஸ்ரத்திலும் பொரியும். இதையெல்லாம் செய்தவர்களில் பெரும்பாலோர் அசல் இயந்திரத்தைப் பார்த்ததில்லை. எஃப்எல் ஸ்டூடியோ போன்ற மென்பொருளும், கைமாறிக் கைமாறி வந்த ஓர் ஒலிக்கோப்பும் போதுமானதாக இருந்தன. மூன்றாவது பொருள் பிறந்தது இங்கேதான்.

909 என்று ஒன்று இருக்கிறதே, அது வேறா?

வேறு. 1983-இல் வந்தது. அதன் பேஸ் டிரம் குட்டையானது, கெட்டியானது, நெஞ்சில் குத்துவது. சிம்பல்கள் பதிவு செய்யப்பட்டவை. சிகாகோவின் ஹவுஸ் என்ற ஆட்ட இசையும் பிற்கால டெக்னோவும் 909-ஐப் பெரிதும் நம்பின. ஆட்டத்துக்கு 909, அதிர்வுக்கு 808 என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். விதிவிலக்குகள் ஆயிரம்.

கான்யே வெஸ்ட் தன் தொகுப்புக்கு 808 பெயர் வைத்தது ஏன்?

2008-இல் வந்த '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்'. தாயின் மரணம், காதல் முறிவு, இரண்டும் அடுத்தடுத்து. இயந்திரக் குரலும் இயந்திர டிரம்முமாக ஒரு துக்கத் தொகுப்பு. அதன் பெரும்பகுதி ஹவாயில் பதிவானது. ஹவாயின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணும் 808 என்பது சுவையான தற்செயல்.

இந்தியாவில் இந்த இயந்திரம் யாரிடமாவது இருந்ததா?

இருந்தது. அதுவும் மிக முன்னதாகவே. மும்பை இந்தித் திரையிசையில் கிட்டாரும் சின்தசைசரும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ரோலண்டின் மூன்று கருவிகள்: தாளத்துக்கு 808, பேஸுக்கு டிபி-303, மெட்டுக்கு ஜூபிடர்-8. பைரவி, லலித், பூபாளி, யமன், மால்கௌன்ஸ் என்று ராகத்துக்கு ஒரு பாட்டு. பூபாளி நம் மோகனம், யமன் நம் கல்யாணி, மால்கௌன்ஸ் நம் இந்தோளம். எனவே கர்நாடகக் காதுக்கும் வழி தெரியும்.

தட்டு விற்கவில்லை. யாரும் பொருட்படுத்தவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-இல், சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு அதே 303-ஐ நெளியவைத்து ஆசிட் ஹவுஸ் என்ற வகையைத் தொடங்கிவைத்தது. 2010-இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்தபோது ஐரோப்பியர்கள் வாயைப் பிளந்தார்கள். எழுபது வயதில் அவரை அழைத்துப்போய் மேடை ஏற்றினார்கள். 2015-இல் மறைந்தார். சிகாகோவுக்கு முன்பே மும்பை என்று மார்தட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் தட்டை சிகாகோவில் யாரும் கேட்டிருக்கவில்லை. ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை 303-இன் ஓடும் வரிசையில் பொருத்தியபோது அது தானாகவே அப்படி நெளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழர் தொடர்பு என்று கேட்டால், லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழர் மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. தன் முதல் பாட்டுகளை அவர் ரோலண்டின் எம்சி-505 என்ற கருவியில் தானே பழகி உருவாக்கினார். 1998-இல் வந்த அந்தக் கருவிக்குள் 808, 909 இரண்டின் ஒலிகளும் பதிவாக ஏற்றப்பட்டிருந்தன. 2005-இல் வந்த 'அருளர்' தொகுப்பின் முரட்டுத் தட்டல்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கிறது.

நான் பாட்டில் சேர்த்த 808, போனில் கேட்டால் காணாமல் போகிறது. ஏன்?

அடிக்கடி வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான்.

கைப்பேசி ஸ்பீக்கர் விரல்நுனி அளவு. 50 ஹெர்ட்ஸ் அலையை எழுப்பப் போதிய காற்றை அதனால் தள்ள முடியாது. ஒலியளவை ஏற்றினால் போனில் ஒன்றும் மாறாது. பெரிய ஸ்பீக்கரில் மட்டும் எல்லாம் பாழாகும். என் அனுபவம் இது: வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் 808 போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனேன். நண்பரின் காரில் போட்டபோது கண்ணாடி நடுங்கியது, பாடியவரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது.

தீர்வு, ஒலியைக் கொஞ்சம் கசங்கவைப்பது. டிஸ்டார்ஷனோ சாச்சுரேஷனோ சேர்த்தால் 50-உடன் 100, 150, 200 என்று மேற்சுரங்கள் பிறக்கும். போன் அந்த மேற்சுரங்களை ஒலிக்கும். அடிச்சுரம் இல்லாமலேயே மூளை அதை ஊகித்துக்கொள்ளும். தம்பூராவின் மந்தரத் தந்தியை ஒரு சின்ன ரேடியோவில் கேட்டாலும் அதன் சுருதி நமக்குத் தெரிகிறதே, அதே கணக்கு.

இன்னொன்று: 808-ஐப் பாட்டின் சுருதிக்குச் சேருங்கள். டிரம்தானே என்று விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அசல் இயந்திரத்தின் அடி ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ் உள்ள தாழ்ந்த ஜி சுரத்தை ஒட்டி வரும், இயந்திரத்துக்கு இயந்திரம் சற்று மாறும். உங்கள் கோப்பு எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று டியூனர் வைத்துப் பாருங்கள்.

டிரம்மர்களின் வேலையை இது பறித்ததா?

டிரம் மெஷின்கள் பொதுவாகப் பறித்தன; அதை மறுப்பது நேர்மையாகாது. ஸ்டூடியோவில் நாள்கூலிக்கு வாசித்தவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். ஆனால் அந்தப் பழியில் நிஜ டிரம் போல ஒலித்த இயந்திரங்களின் பங்கே பெரிது. 808 யாருடைய நாற்காலியிலும் போய் உட்காரவில்லை.

அசல் இயந்திரத்தை வாங்கலாமா?

பணம் கொட்டிக்கிடந்தால். இன்று பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள், பழுதுபார்க்க ஆள் தேட வேண்டும். ரோலண்டே 2014-இல் டிஆர்-8, 2017-இல் டிஆர்-08 என்று மறுவடிவங்களை வெளியிட்டது. பெரிங்கர் நிறுவனத்தின் ஆர்டி-8 அசலைப் போலவே அனலாக் சுற்றோடு, அதாவது ஒலியைப் பதிவிலிருந்து எடுக்காமல் மின்சுற்றிலேயே எழுப்பும் முறையில் வருகிறது. மென்பொருள் வடிவமும் உண்டு. நான் அசலைத் தொட்டதே இல்லை. மென்பொருளில்தான் காலம் தள்ளுகிறேன்.

அசலுக்கும் ஒலிக்கோப்புக்கும் ஒரு வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது. கோப்பு ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒலிக்கும். அனலாக் சுற்றில், முதல் அடியின் அதிர்வு அடங்கும் முன்பே அடுத்த அடி விழுந்தால் இரண்டும் கலந்து, அந்த அடி சற்றுப் பருத்தோ இளைத்தோ வரும். சுற்றை அப்படியே கணித்துப் போலி செய்யும் மென்பொருள்களில் இது ஓரளவு கிடைக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் என்ன தட்டிப் பார்க்க வேண்டும்?

வேகத்தை நிமிடத்துக்கு 120-இல் வையுங்கள். பேஸ் டிரம்மை 1, 7, 11 ஆகிய கட்டங்களில் போடுங்கள். கைத்தட்டலை 5, 13-இல். மூடிய ஹை-ஹாட்டை ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும். வேறொன்றும் வேண்டாம். டிகே குமிழை அடியோடு குறைத்து ஓடவிடுங்கள். வெறும் தட்டல், கொஞ்சம் விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும். இப்போது நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தாளத்தைத் தொடாமல், அந்தக் குமிழை மட்டும் மெல்லத் திருப்புங்கள். முதலில் அடிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் குறையும். பாதிக்கு மேல் போனதும் 7-இல் விழுந்த அடி 11-ஐத் தொடும். இன்னும் திருப்பினால் 1-இல் விழுந்த அடி 7 வரை இழுத்துக்கொண்டு வரும், கீழே ஓர் ஆள் உட்கார்ந்து பேஸ் வாசிப்பது போல.